கழன்று வந்த வளையல்

பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்பு வைத்து ஓட்டிய யுத்தகாலத்துக் கரிப் பஸ் திருமயம் போகிற வழியில் புகை விட்டு நின்றுவிட்டது. அடுப்பு மறுபடி பிடிக்கும்வரை எல்லாருக்கும் கண் சொருகியது. எனக்கு முன்சீட்டில் பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒரு பெண்ணும், அவள் அண்ணன் மனைவியும்.

“மதினி, எறங்குறதுக்குள்ள வளைகாப்பு வளையலக் கழட்டிறவா?”

“ஏண்டி?”

“வயித்துல புள்ள இல்ல, நீருதான் கோத்துருக்கு, சயரோகம்னு டாக்டரம்மா சொன்னாகள்ல. அதுலதான் ஏழு மாசமா தூரம் நின்னுபோச்சாம்.”

“ஒன் மாமியா தொட்டிலுக்குச் சேல எடுத்து வச்சிட்டா. இனி அவளப் போட்டுத்தான் ஆட்டணும்.”

சின்னவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது.

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு வேற பொண்ணு பாத்துருவாக மதினி.”

“பாக்கட்டும். நீ நம்ம வீட்டுக்கு வா. பாலு, முட்டை, நல்ல தூக்கம். ஒடம்பு தேறுனா புள்ள தங்குனாலும் தங்கும்னாகள்ல?”

“எனக்கு இப்பவும் உள்ள ஒதைக்கிற மாதிரியே இருக்கு.”

மதினி, வயிற்றின்மேல் இருந்த அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“போன மாசம் வெளக்கெண்ண தடவியில்ல ஏத்துனாக. இப்பப் பாரு, தானா வருது.”

ஒவ்வொன்றாக வழித்து முந்தானையில் முடிந்தாள்.

“திருப்பித் தருவீகளா மதினி?”

“போடுறப்ப கை வலிக்குதுன்னு நீ கத்தணும். அன்னைக்குத் தாரேன்.”