எழுபது வீட்டுக்கும் ஒரே பதில்

"அலோ... அலோ, ஆஃபியா, கேக்குதா?... இரு, தள்ளி வந்துக்கறேன்... இப்ப?... ஆங், ஆங், ஜூடிதான். எண்ணூர் குப்பத்துல கீறேன்... உயிரோடதான் கீறேன், இன்னா இப்போ?"

சர்வே எடுப்பது எப்படி என்பதற்கே முதுகலைப் படிப்பு ஒன்று இருக்கிறது. கல்மண்டபத்து ஜூடி அதில் கடைசி வருஷம். அழுகை வந்தால், தன்னோடு படிக்கும் ஆஃபியாவுக்குத்தான் போன் போடுவாள். இப்போது வலை காயும் மணலில், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"போச்சுடி... எல்லாம் போச்சு. சொந்தமா ஒரு சர்வே எடுத்துக் காட்டினாதான் டிகிரின்னு வெச்சிகீறாங்க இல்ல?... ஆமா, ஆமா, நாளைக்குத்தான் கடைசி. நேத்து கம்ப்யூட்டர்ல ஏத்திகினே வர்றேன், எழுபது வூடும் ஒரே பதில்... அட, ஒரே பதில்னா ஒரே பதில்டி! இல்ல, நானா எழுதல! மாதா சத்தியமா... சிரிக்காத!"

"கேளு. குப்பத்துல கால் வெக்கணும்னா மொதல்ல ஊர்த் தலைவர் கிட்ட கேக்கணும் இல்ல? சுப்பராயன் மாமா, எங்க நைனாவோட தோஸ்து. வெத்தலை பாக்கு வெச்சு, கேள்வித்தாள் ஒண்ணையும் கையில குடுத்துட்டு வந்தேன்... ஆங், அதையேதான் குடுத்தேன். மரியாதை தெரிஞ்ச பொண்ணாச்சே நானு! மனுஷன் சாயங்காலமே ஊரைக் கூட்டிட்டாரு. ஒவ்வொரு கேள்வியா படிச்சு, இதுக்கு இதான் பதில்னு பேசி முடிச்சு, மைக்ல சொல்லிட்டாரு!"

"தண்ணி எப்படி கீதுன்னா எல்லாரும் 'சுமார்'. மோசம்னா யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்களாம், நல்லா கீதுன்னா தண்ணி லாரி நின்னுடுமாம்... ஆமா, யோசிச்சுத்தான் பண்ணிகீறாங்க. வூட்ல யாரு முடிவெடுக்கறதுன்னு கேட்டா... 'ஊரு'. அத்தினி பேரும் 'ஊரு'. நானும் இன்னா ஒத்துமைடான்னு பூரிச்சுப் போய் எழுதிகினே போறேன், லூசு!"

"...சொன்னாங்க, சொன்னாங்க. 'தெரிஞ்ச ஊரு வேணாம்மா'ன்னு மேடம் சொன்னாங்க. 'வடசென்னை எங்க ஏரியா மேடம், எனக்குத் தெரியாததா'ன்னு மூஞ்சியத் தூக்குனது யாரு? இதே மூஞ்சிதான். பி.காம்ல படிச்ச புள்ளியியல் பத்தாதுன்னு தனியா ஒரு பேப்பர் எழுத வெச்சாங்களே, அதுல ஒருத்தர் பதில் இன்னொருத்தர் பதிலைத் தொடக் கூடாதுன்னு பக்கம் பக்கமா எழுதி மார்க்கு வாங்கினவளும் இவதான்."

மூக்கை உறிஞ்சினாள்.

"இல்ல, அழுவல... சரி, அழுவுறேன், இன்னா பண்ண சொல்ற? இந்த வாட்டி டிகிரி வரலன்னா மாப்ள பாக்குறேன்னு அம்மா கறாரா சொல்லிடுச்சு. எங்க வூட்ல யாரு முடிவெடுக்கறதுன்னு என்னைக் கேட்டா நான் இன்னாடி சொல்வேன்?... ம்... ம்... மேடம் கிட்ட பேசிட்டேன். இருபது வூடு புதுசா எடு, நாளைக்கு வாங்கிக்கறேன்னாங்க. நல்ல மனசு."

"மாமா கிட்டயும் சொல்லிட்டேன். 'எல்லாரும் ஒரே பதில் சொன்னா எனக்குப் பட்டம் தர மாட்டாங்க மாமா, அவங்கவங்க மனசுல கீறதைச் சொல்லட்டும், வேற வேறயா வரும்'னு... பாவம், கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. 'வேற வேற வேணும்னு முன்னாடியே சொல்ல வேணாமா, நான் பாத்துக்கறேன், நீ போய் டீ குடி'ன்னாரு... தங்கமான மனுஷன்டி. எனக்குத்தான் புத்தி..."

"இரு. இரு, இரு. கோயில் மைக் போடுறாங்க... 'நம்ம ஜூடிப் பொண்ணு பாஸாவணும்'ன்றாரு... ஐயோ. 'கோயில் தெரு மொத்தமும், தண்ணி நல்லா கீது. பின்னால தெரு, மோசம்'... மாதாவே! நெஜமாத்தான்டி! 'முடிவெடுக்கறது, கோயில் தெருவுல புருஷன், பின்னால தெருவுல பொண்டாட்டி'... கை தட்டுறாங்கடி, எனக்காகக் கை தட்டுறாங்க! வெய்யி, போனை வெய்யி!"

ஒற்றைச் செருப்போடு மணலில் ஓடினாள். போனை அணைக்கவும் மறந்திருந்தாள்.

"மாமா! மாமோவ்! நான் ஃபெயிலே ஆயிடறேன் மாமா, மைக்கை மட்டும் நிறுத்து!"

இணைப்பு அறுந்தது.