திருவிழாவுக்கு வடிச்ச பானை

சென்னம்மா: யாரோ கதவைத் தட்டினா மாவுக் குண்டானை எதுக்குடி கட்டிலுக்கடியில தள்ளுற, பவுலி? உள்ள இட்லி மாவுதானே?

பவுலினா: பழக்கம்க்கா... சாராயத்தை விட்டுப் பதினாறு வருஷமாச்சு, கை இன்னும் மறக்கல. ஜன்னல்ல யாருன்னு பாரு.

சென்னம்மா: உன் தம்பி ஜாக்சன். கையில தாம்பாளம், பத்திரிகை. அவன் மக டெல்பினுக்குக் கல்யாணம்னு பாகலூரே பேசுதே.

பவுலினா: தொறக்காத. நம்ம பானைங்களைப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்தவன்.

சென்னம்மா: அவன்தான்னு நீ பாத்தியா?

பவுலினா: குடிச்சுட்டு ஷிப்டுக்குப் போறியா, ஊத்த மாட்டேன்னேன். 'பாத்துக்கறேன்'னு போனான். மறுநாளே ஜீப்பு வந்துச்சு.

சென்னம்மா: அத்தை நீ இல்லாம அந்தப் பொண்ணு கோயில் படி ஏறுவாளா...

பவுலினா: பேச்சை மாத்து. வெல்லமும் வேலம்பட்டையும் புளிச்சு வருமே, அந்த வாசம் ஞாபகம் இருக்கா?

சென்னம்மா: இல்லாமயா? வேலியில உன் செவப்புச் சேலை காஞ்சா சரக்கு ரெடி. பார்டர் தாண்டி வர்ற அந்தக் கன்னடக்காரன், 'இன்னும் துவைக்கலையா அக்கா'ன்னு கேப்பானே...

பவுலினா: மழை நாள்ல அவன் மூஞ்சியப் பாக்கணும்! நம்ம சரக்கைக் குடிச்சு எவனுக்காச்சும் தலை வலிச்சிருக்கா?

சென்னம்மா: கடைசிப் பானையைக் குடிச்சிருந்தா வலிச்சிருக்காது. செத்திருப்பாங்க.

பவுலினா: என்னக்கா சொல்ற...

சென்னம்மா: மாதா கோயில் திருவிழாவுக்கு வடிச்சு வெச்சோமே... அதுல உன் புருஷன் சூசை கம்பெனி கேன்ல இருந்து ஊத்தினதைப் பாத்தேன். மெஷின் கழுவற ஸ்பிரிட்டு. சொன்னா நீ அவனைத்தான் நம்புவ. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணது நான்.

பவுலினா: நீயா? என்கூட மூணு மாசம் ஜெயில்ல படுத்திருந்தியே...

சென்னம்மா: பழி ஜாக்சன் மேல விழுந்தப்பவும் வாயை மூடிக்கிட்டேன். சூசை செத்தப்புறமாச்சும் சொல்லியிருக்கணும். திட்டறதுன்னா என்னைத் திட்டு... மறுபடியும் தட்டறான் பாரு. போயிடப் போறான்.

பவுலினா: கதவைத் தொற, அக்கா... திருவிழாக் கூட்டத்துக்குச் சரக்கு பத்தாதுன்னு அந்தக் கேனை வாங்கியாரச் சொன்னதே நான்தான்.