வெளியிட வேண்டாம்

கார்த்தகேனாவில் நல்ல படம் வேண்டுமென்றால் மாலை ஐந்தேகாலுக்குக் கோட்டை மதில் மேல் இருக்க வேண்டும். நாலு மணி வெயில் மூக்குக்குக் கீழே மீசை வரைந்துவிடும். ஆறு மணிக்குமேல் கல்யாணப் பெண்கூடப் படத்தில் காய்ச்சல்காரி மாதிரி விழுவாள். நடுவில் கடல் பக்கத்திலிருந்து இருபத்தைந்து நிமிடம் ஒரு வெளிச்சம் வருகிறதே, அதில் யாருக்கும் முகக்களை வந்துவிடும். இது பிடிபடவே எனக்கு மூன்று வருடம் ஆயிற்று, டாக்டரம்மா. நீங்கள் சட்டம்தான் படித்தவர் என்று தெரியும். ஆனால் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவரை டாக்டர் என்று கூப்பிட்டே எங்களுக்குப் பழக்கம்.

நீங்கள் கேட்டது வேறு. அதற்குத்தான் வருகிறேன்.

எலாடியோ மர்ருகோ, வயது ஐம்பத்து மூன்று. பதினேழு வருடமாக இந்தப் பழைய நகரத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுக்கிறேன். தேனிலவு ஜோடிகள், வெள்ளிவிழாத் தம்பதிகள், பதினைந்து வயது நிறைந்ததற்குப் பெரிய பாவாடை விரித்து நிற்கிற பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். தனி போட்டோஷூட் வேண்டுமென்றால் இணையத்தில் என் பக்கத்துக்குப் போய் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், நாள், நேரம், எத்தனை பேர், என்ன வகைப் படம். கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் படங்களை என் பக்கத்தில் வெளியிடலாமா? அதற்கு இரண்டு கட்டம். 'வெளியிடலாம்' ஒன்று, 'வெளியிட வேண்டாம்' இன்னொன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் முதல் கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். அதோடு விடுவார்களா, எப்போது வரும், எப்போது வரும் என்று உயிரை எடுப்பார்கள். ஊர்விட்டு ஊர் வந்து வெள்ளைச் சட்டை போட்டு நிற்பதே நாலு பேர் பார்க்கத்தானே.

மீதி நாலு பேர்தான் எனக்கு உறுத்தல். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

என் மனைவி நூபியாவைப் பற்றி அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சக போட்டோக்காரன் ஒருவன் கடையில் மாதிரி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவது பக்கத்தில் நூபியா நின்றாள். பக்கத்தில் ஒரு ஆள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எப்போது எடுத்தது என்று கேட்டேன். "அதுவா, ரெண்டு வருஷமாச்சே. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவள் போனதுகூட எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. தெரிந்திருந்தும் வாயைத் திறக்காத அத்தனை பேரும்தான் இன்றுவரை நெஞ்சில் நிற்கிறார்கள். எனக்கு ஒன்று தெரியவந்தால் நான் சொல்லிவிடுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டவர்களின் பெயரை வைத்துத் தேடுவேன். புருஷனோ பெண்டாட்டியோ யாராவது அகப்பட்டால் ஒரே ஒரு படத்தை அனுப்புவேன். கூட ஒரு வார்த்தை எழுதமாட்டேன், கைம்மாறு கேட்டதில்லை. இப்படிப் பதினொரு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்ததில்லை. அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிடிக்காது.

இது எர்னெஸ்தினாவுக்கு மட்டும் தெரியும். மதிலுக்குக் கீழே தலையில் பழக்கூடையோடு நின்று படத்துக்குக் காட்சி கொடுக்கிறவள். உங்களிடம் வந்து வாக்குமூலம் கொடுத்தது அவள்தான் என்று எனக்குத் தெரியாதா என்ன. அவளுக்கு வாய் நீளம்.

"எலாடியோ, நீ ஆளுங்களப் படம் புடிக்கிறியா, இல்ல துப்பு துலக்குறியா?" என்பாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணாடா? பொண்டாட்டி போன எரிச்சல்ல ஊரான் கூரையிலெல்லாம் கொள்ளி வெக்கிற. ஒருநாள் ஏதாவது வீடு நெசமாவே எரியும், பாரு."

அவள் படிக்காதவள். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஃப்ளோரால்பாவின் படிவம் ஒரு திங்கட்கிழமை வந்தது. மறுநாள் மாலை, இரண்டு பேர். 'வெளியிட வேண்டாம்' கட்டத்தில் டிக் போட்டதோடு, குறிப்பு எழுதும் இடத்தில் 'தயவுசெய்து' என்று தனியாக எழுதியிருந்தாள். அந்தத் 'தயவுசெய்து' என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பதினேழு வருடத்தில் அப்படி யாரும் எழுதியதில்லை.

வந்தாள். முப்பத்து நாலு வயதிருக்கும். துய்தாமா என்கிற மலைப்பக்கத்து ஊர்க்காரி. அந்தப் புழுக்கத்தில் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை. மோதிர விரலில் மோதிரம் கழற்றிய வெளுத்த தடம். கூட வந்தவனுக்கு இருபத்தேழு இருக்கலாம், கறுப்பு, பெயர் எதில்சன். தம்பி என்றாள். முகத்தில் ஒரு ஜாடைகூட ஒட்டவில்லை. அப்பா வேறு வேறு என்றாள், நான் கேட்காமலே. எத்தனை அக்கா தம்பிகளை நான் பார்த்திருப்பேன்.

"நெருங்கி நில்லுங்க, தம்பி. தோள்ல கை போடுங்க" என்றேன்.

அவன் கை போட்டான். டாக்டரம்மா, தம்பி என்கிறவன் அக்கா தோளில் அடிப்பான், காதைத் திருகுவான், தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். இவன் கண்ணாடிச் சாமானைத் தொடுவதுபோல் தொட்டான். அவள் அதற்கும் கொஞ்சம் முகம் சுளித்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நடுவில் காற்று அடித்து இடப்பக்கத்து முடி விலகியது. சட்டென்று இழுத்து மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். கடல்காற்றில் எல்லாமா காதில் விழும்.

அன்றிரவே தேடிவிட்டேன். வில்மார் என்று ஒருவர். துய்தாமாவில் லாரி டயர் கடை. அவர் பக்கத்தில் முதலாவதாக இருந்தது அவர்கள் கல்யாணப் படம். அதன் கீழே, 'என் மனைவியை மூன்று மாதமாகக் காணவில்லை, பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். இங்கும் ஒரு 'தயவுசெய்து'. நான் எதை எடுத்துக்கொள்வது? இவர் தன்னுடையதை ஊர் பார்க்கப் போட்டிருக்கிறார். அவள் தன்னுடையதை என் ஒருத்தன் கண்ணில் மட்டும் படுகிற மாதிரி எழுதியிருக்கிறாள். நீங்களாக இருந்தால் யாரை நம்புவீர்கள்?

படத்தை அனுப்பினேன். நாலு நிமிடத்தில் பதில் வந்தது. "கடவுள் உங்கள நல்லா வெக்கட்டும் ஐயா. பக்கத்துல நிக்கிறது அவ தம்பி எதில்சன். அவன்தான் எங்களப் பிரிச்சவன்."

ஆக, தம்பிதான். மறைக்காமல் சொல்கிறேன், படத்தை மறுபடி திறந்து இரண்டு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டில் முட்டை அடைத்துப் பொரித்த சோள அரேப்பா ஆறிப்போயிற்று. என் கண் தப்புவது அபூர்வம். பிறகு நிதானமாக யோசித்தேன். தம்பியாக இருந்தால் என்ன, வேறு யாராக இருந்தால் என்ன, ஒளிப்பது ஒளிப்பதுதானே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு ஆள் துணைக்கு வந்தான் என்பதால் அது சுரைக்காய் ஆகிவிடாது.

வில்மார் முறைப்படி என் படிவத்தை நிரப்பினார். புதன்கிழமை ஐந்தேகால், இரண்டு பேர், வகை: 'ஆச்சரியம்'. அது நான் அடிக்கடி செய்வதுதான். பெண் கடலைப் பார்த்துக் கண்ணை மூடி நிற்பாள், நான் மூன்று வரை எண்ணுவேன். அதற்குள் ஆண் பின்னால் வந்து மண்டி போட்டு மோதிரத்தை நீட்டுவான். மூன்று என்றதும் அவள் திரும்புவாள். அழுவாள், கட்டிக்கொள்வாள், கீழே தெருவில் போகிறவர்கள் கைதட்டுவார்கள். "மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கணும் ஐயா" என்றார் வில்மார். அதை யார் வேண்டாம் என்பார்கள்?

அவர் இன்னொன்றும் கேட்டார். என் செல்போன் உங்கள் மேஜையில் இருக்கிறது, படித்திருப்பீர்கள். மதில் அந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று கேட்டார். எட்டு மீட்டர், கடல் பக்கம் கீழே பாறை என்று எழுதினேன். உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் கேட்பதுண்டு. பாறையைப் பற்றி அவர் கேட்கவில்லையே, நீங்களாக ஏன் சேர்த்தீர்கள் என்கிறீர்கள். விவரம் சொன்னால் முழுதாகச் சொல்வது என் வழக்கம்.

அவளுக்கு நான்தான் செய்தி அனுப்பினேன். 'அம்மாவுக்கான படத்துல கண்ணு மூடியிருக்கு, நாளைக்கு மறுபடி வாங்க, காசு வேணாம்' என்று. அம்மா விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள்தான் மதில் மேல் வைத்துச் சொன்னாள்.

சரி. அந்த இரண்டு படத்தையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்களானால் நான் சொல்லாமல் இருக்க வழியில்லை. ஒன்று நான் எடுத்தபடியே இருப்பது. காதிலிருந்து தாடை வரை தழும்பு தெரிகிறது. இன்னொன்று வில்மாருக்கு அனுப்பியது, அதில் தழும்பு இல்லை. நான்தான் அழித்தேன். எல்லோருக்கும் செய்வதுதான், பருவையும் அழிப்பேன், தொப்பையையும் கொஞ்சம் உள்ளே தள்ளுவேன். காற்றில் முடி விலகியபோது அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"அண்ணே, இது தெரியாம எடுங்க. அம்மா பாத்தா அழும்" என்றாள்.

"என்னாச்சும்மா?"

"வீட்டுக்காரரு." அதற்குப் பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "வியாழக்கிழம விடிகாலைல நான் நாட்ட விட்டே போறேன்ணே. எப்பத் திரும்புவேனோ தெரியாது. அம்மா கையில குடுக்க ஒரு நல்ல படம் வேணும், அவ்ளோதான். வெளிய மட்டும் போட்றாதீங்க. அவரு தேடிக்கிட்டிருக்காரு, கண்ணுல பட்டா என்ன விடமாட்டாரு" என்றாள்.

எதில்சன் குறுக்கே வந்து, "அண்ணன் நல்லவருக்கா, அவரப் போயி பயமுறுத்துறியே" என்று சிரித்தான்.

எல்லாம் கேட்டது. ஆனால் கேட்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? நூபியாவும் ஆயிரம் கதை சொன்னவள்தான்.

புதன்கிழமை ஃப்ளோரால்பா எனக்குத் தேங்காய் மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. எதில்சனைக் கூப்பிட்டு, கீழே எர்னெஸ்தினாவிடம் பழக்கூடையை இரவல் வாங்கி வரச் சொன்னேன், அக்கா தலையில் வைத்து ஒரு படம் எடுக்கலாம் என்று. எர்னெஸ்தினா தன் கூடையை யாருக்கும் கொடுக்கமாட்டாள். கெஞ்சினாலும் அதட்டினாலும் கொடுக்கமாட்டாள், அது அவளுடைய பாட்டனார் காலத்து வீம்பு. மதில் மேல் வேலை செய்கிற அத்தனை போட்டோக்காரர்களுக்கும் இது தெரியும். "இவனுக்குத் தெரியாதா? எதுக்குடா உன்ன இங்க அனுப்பினான்?" என்று அவள் அவனைக் கேட்டாளாம். கேட்டுவிட்டு மேலே பார்த்தாளாம்.

நான் ஃப்ளோரால்பாவை விளிம்போரம் நிறுத்தினேன். பழைய பீரங்கிக்காக மதிலில் விட்ட இடைவெளி அது, கைப்பிடி கிடையாது.

"கண்ண மூடிக்கம்மா. ஒரு ஆச்சரியம் இருக்கு. மூணு எண்ணுறேன்."

அவள் மூடிக்கொண்டு சிரித்தாள். "என்னண்ணே இது, எனக்கா? தம்பிதான வர்றான்?"

"ஆமா" என்றேன். இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று என்றேன். வில்மார் படியேறி வந்தார், சுத்தமான வெள்ளைச் சட்டை, கையில் பூங்கொத்து. இரண்டு என்றேன். பூங்கொத்தைக் கீழே வைத்தார். மண்டி போடத்தான் வைக்கிறார் என்று நான் நினைத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அவர் முகத்தை லென்ஸ் வழியாக மிக அருகில் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரிந்துவிட்டது. மூன்று என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். கீழே எர்னெஸ்தினா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். எதில்சன் படியில் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

மூன்று என்றேன்.

அவள் திரும்பினாள், கண்ணைத் திறந்தாள், என்னைத்தான் முதலில் பார்த்தாள். அவரை அப்புறம்தான் பார்த்தாள். நாற்பத்தொரு படம் எடுத்திருக்கிறேன். ஒன்றும் கலங்கவில்லை, கை நடுங்கவே இல்லை என்று உங்கள் நிபுணரே எழுதியிருக்கிறார். கடைசிப் பதினாறில் மதில் மட்டும்தான் இருக்கிறது. அவளைக் கூட்டி வந்தது நான், நிறுத்தியது நான், எண்ணியது நான். தள்ளியது மட்டும் நான் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்று மட்டும் உங்கள் காகிதத்தில் விட்டுப்போயிருக்கிறது, டாக்டரம்மா. அந்த நாற்பத்தொரு படத்தையும் நான் என் பக்கத்தில் போட்டதற்குத் தனி வழக்கு என்கிறீர்கள். வில்மாரின் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'வெளியிடலாம்' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டிருக்கிறார். அவர் மடியில் கனமில்லாத மனிதர்.