எறும்புக்கு வெந்நீர்

வெம்பக்கோட்டை போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் வெடிக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். சின்னவள் மடியில் பெரிய பிளாஸ்க் இருந்தது.

“காப்பியா மாரி? எனக்கும் ஒரு வாய் ஊத்து” என்றாள் மூத்தவள்.

“கொதிச்ச தண்ணிக்கா. எறும்புக்குக் கொண்டு போறேன்.”

“ஏன், குளிக்கணும்னு கேட்டுச்சோ?”

“சிரிக்காதீக. எங்க ரூமுக்கு வெளிய, வேலியோரத்துல செவ்வெறும்பு புத்து வச்சிருக்கு. போர்மேன்ட்ட சொல்லிட்டேன். வேலை தொடங்குமுன்ன ஊத்திரணும்.”

“அதுக்கு அங்கனயே கொதிக்க வச்சா என்ன?” என்று கேட்டுவிட்டு மூத்தவளே சிரித்தாள். “நல்லாக் கேட்டேன் போ. தீப்பெட்டியோட கேட்டுக்குள்ள விட்டுருவாகளாக்கும்!”

“நேத்து வெடிக்குள்ள மருந்து செலுத்துறப்ப கால்ல ஏறிருச்சுக்கா. நாலு கடி.”

“உதறிவிட வேண்டியதுதான?”

“மருந்துத் தட்டு கால்கிட்டதான் இருக்கு. உதறியிருந்தா இன்னைக்கு இந்த பஸ்ஸுல வருவேனா?”

மூத்தவள் குனிந்து அவள் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

“ஒரு பிளாஸ்க் தண்ணி மேல்மண்ணைத்தான் நனைக்கும். ராணி எறும்பு அடியில கெடக்கும். நாளைக்கு எங்க வீட்டுப் பிளாஸ்க்கையும் கொண்டாரேன்.”

“உங்க கம்பெனி வேறயாச்சேக்கா?”

“ஒரு ஸ்டாப் முன்னால இறங்கி நடந்தா எனக்குக் கால் தேஞ்சா போகும்?”