தூக்கிக்கச் சொன்ன கை

கூடுவாஞ்சேரியில் சாயங்காலச் செங்கல்பட்டு ரயிலில் ஏறினேன். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள், இருவருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் பெயர் போட்ட நீலச் சீருடைச் சேலை. இளையவள் சத்தமாகவே சொன்னாள்.

“சாப்பாட்டு நேரம் நம்ம நேரம்க்கா. அதுல ஒரு டம்ளர் பீர் குடிச்சா இன்னா தப்பு?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்றாள் பெரியவள். “தங்கச்சி பொறந்தநாளு, வூடு பக்கத்துத் தெருதான். ஒரே டம்ளரு. தலகூட சுத்தல. திரும்பி வந்து ரியாஸைத் தூக்கிக்கினு மாடிப்படி எறங்கசொல்ல கால் வழுக்கிடுச்சு.”

“கொழந்தைக்கு?”

“ஒண்ணும் ஆவல. கம்பியப் புடிச்சுக்கினேன். அவன்தான் பயந்து என் கழுத்தக் கட்டிக்கினு விடவே இல்ல.”

“பீராலதான் வழுக்குச்சுன்னு எப்பிடி சொல்ற? யாருமே பாக்கல. மேடத்தாண்ட நீயா போய் ஏன்க்கா சொன்ன?”

“பீராலயா இல்லியான்னு எனக்கே தெரியலயே. அதான் சொன்னேன்.”

அன்றிலிருந்து அவளுக்குச் சமையலறை வேலை என்பது பேச்சில் புரிந்தது. குழந்தைகளைத் தூக்கக் கூடாதாம். பொத்தேரியில் ரயில் நின்று கிளம்பியது.

“தெனமும் சமையல் ரூம் கதவாண்ட வந்து நிக்கிறான்,” என்றாள் பெரியவள். “இன்னிக்கு ரெண்டு கையும் தூக்கினான், தூக்கிக்கன்னு.”

“நீ இன்னா பண்ணே?”

“முந்தானைய கையில சுத்திக்கினு நின்னேன். பசிக்குதாடான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினான். கைய மட்டும் எறக்கல.”