பொழுதெறங்கற வரைக்கும் நிக்கோணும்

அந்த டப்பா இல்லீங் பாயி. மூடியில ரோசாப்பூப் படம் போட்டு, ஓரத்துல பச்சைக் கோடு ஓடியிருக்குமுங்க, அதைத்தான் கேக்கறேன். போன சந்தைக்கும் இதே புளியமரத்தடியில இதே பொட்டிய விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க. நாந்தான் வந்து வாங்கிட்டுப் போனேன். ஞாபகமில்லீங்களா? வடகரப்பதியிலிருந்து வர்றனுங்க, பேரு மருதாத்தா. தேன்மெழுக உருக்கி அத்தரக் கலந்து ஒறைய வெச்சது, எண்ணெ மாதிரி ஒழுகாது, வெரல்ல தொட்டுத் தோல்ல தடவுனா நாள் பூரா மணக்கும்னு நீங்கதான சொன்னீங்க. நாள் பூரா மணக்கலீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.

சண்டைக்கு வரலீங்க. சண்டைக்கு வர்றவ இப்படிக் குத்த வெச்சு உக்காந்து பேசமாட்டா. சித்த நேரம் ஆகும், அந்தப் பொம்பளைகளக் கவனிச்சு அனுப்பிட்டு வாங்க. நா இருக்கறேன்.

ம். எப்படிப் போட்டேனா? காலையில தண்ணி வாத்துக்கிட்டு, நல்லாத் தொடச்சுட்டு, கழுத்துல, கையில, நெஞ்சுக்குழியில போட்டேன். நல்லாத் தேச்சுத்தான் போட்டேன். தேய்க்கக் கூடாதுங்களா? தொட்டு வெச்சுட்டு உட்டரோணுமா? தேச்சா அங்கயே பாதி போயிருமாக்கும். அதென்னங்க, மருந்து தடவுனாத் தேய்க்கோணும், இதத் தேய்க்கக் கூடாதுன்னா எனக்கு எப்படித் தெரியும். சோப்பா? செவப்பு சோப்புத்தான். அந்த சோப்பு வாசமே இத அமுக்கிப் போடுமா? அப்ப அரப்புப் போட்டுக் குளிக்கறேன். ஈரம் காயறதுக்குள்ள ஒரு சொட்டுத் தேங்கா எண்ணெ தொட்டுக்கிட்டு, அது மேல இதப் போடோணும். சரி. காஞ்ச தோல்ல நிக்காதுங்கறீங்க. இத்தனையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு போன சந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்குது.

என்ன சந்தேகமா? சொன்னாக் கோவிச்சுக்குவீங்க. சரக்க மாத்திக் குடுத்துட்டீங்களோன்னுதான்.

பாத்தீங்களா, மொகம் மாறிப்போச்சு. எடுத்தவொடனே பள்ளிவாசலப் பாத்துக் கையக் காட்டாதீங்க பாயி, நா ஒண்ணும் உங்களத் திருடன்னு சொல்லல. இந்தாங்க, இந்த டப்பாவ மோந்து பாருங்க. காலிதான். ஓரத்துல நகக்கண்ணளவுக்கு ஒட்டியிருக்குது பாருங்க. நீங்க வித்ததுதான, அதே ரோசாப்பூ, அதே பச்சைக் கோடு. இது வாங்கி ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். மூடியத் தொறந்தா இன்னமும் கும்முனு அடிக்குது. இப்ப எனக்குக் குடுத்ததையும் மோந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணா? உங்க மூக்குக்கு ஒண்ணாத்தான் இருக்கும். என்ற மூக்குக்கு இல்ல.

பழசு ஆரோடதா? கமலாத்தாளோடது. எங்கூருதான். தெரியாதுன்னு தலைய ஆட்டாதீங்க, அந்தப் பொம்பள வருசம் பூரா உங்ககிட்டத்தான் வாங்கியிருக்குது. ஒசரமா, செவப்பா, மூக்குத்தி ரெண்டு பக்கமும் போட்டிருக்கும்னு சொல்றாங்க. நா பாத்ததில்லீங்க. சொல்லிக் கேட்டதுதான். பக்கத்தூட்டுல ஒரு அக்கா இருக்குது, அது சொல்லும், கமலாத்தா தெருமொனையில திரும்புனா ஊட்டுக்குள்ள இருக்கற எங்களுக்குத் தெரியும்னு. காலையில போட்டுக்கிட்டுக் கடலைக்காட்டுல களை வெட்டப் போனா, பொழுதெறங்கித் திரும்பி வாறப்பவும் அந்த வாசம் அப்படியே இருக்குமாமா. அதே வெயிலு, அதே காடு, நா போட்டுட்டுப் போனா உச்சிக்கு முந்தி ஒண்ணுமில்லாமப் போயிருது. அப்ப அந்தம்மாளுக்கு நீங்க ஒண்ணு குடுத்திருக்கறீங்க, எனக்கு ஒண்ணு குடுக்கறீங்கன்னுதான நா நெனைப்பேன்.

இப்ப ஞாபகம் வந்திருச்சுங்களா. பேரம் பேசாம வாங்கும், நல்லாச் சிரிக்கும்னு சொல்றீங்க. சரிதான். அவிய சிரிப்பு வரைக்கும் ஞாபகம் இருக்குது, போன சந்தைக்கு வந்த என்னைய மட்டும் மறந்திருச்சு உங்களுக்கு. ஏன் இப்ப வர்றதில்லீன்னு கேக்கறீங்களா? அத அப்பறம் சொல்றேன். அந்தம்மா இதுல வேற என்ன கலந்துச்சு, அதச் சொல்லுங்க மொதல்ல.

ஒண்ணும் கலக்கலியா.

புனுகா? ஆ, அப்படி வாங்க வழிக்கு. துளியூண்டு புனுகு வாங்கும், அடியில புனுகத் தொட்டு வெச்சுட்டு மேல இதப் போட்டா அது புடிச்சு நிறுத்தும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாக்கும். எனக்கு ஏனுங்க சொல்லித் தரலை? கேக்கலியா? புனுகுன்னு ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான கேக்கறதுக்கு. நானென்ன அத்தர் கடைக்காரன் ஊட்டுலயா பொறந்தேன். எங்கப்பன் ஊட்டுல வாசம்னா சாம்பிராணி ஒண்ணுதான், அதுவும் நோம்பிக்கு நோம்பி.

வெக்கற எடம் சொல்லுங்க, கேட்டுக்கறேன். காதுக்குப் பொறகால. முழங்கை மடிப்புல. மணிக்கட்டுல நாடி ஓடற எடத்துல. சூடு இருக்கற எடத்துலதான் மெழுகு மெதுவா எளகி வாசத்தை உடுமா. நைலக்ஸ் சேலையில நிக்காது, நூல் ரவிக்கையோட கழுத்துப் பட்டியில உள்பக்கமா ஒரு தொடு தொட்டு வெச்சாத் துணி புடிச்சு வெச்சுக்கும். சரிங்க. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப அது வேற உறிஞ்சிட்டுப் போயிருமா, முந்தானையக் கழுத்தச் சுத்திப் போட்டுக்கறேன். டப்பாவ அடுப்புக்கிட்ட வெக்கக் கூடாது. வெக்கலீங்க, அரிசிப் பானையில மறைச்சு வெச்சிருக்கறேன். ஆருக்கு மறைச்சு வெச்சேன்னா, எல்லாருக்குந்தான்.

உள்ளதுதான், என்ற மூக்குப் பழகிப் போயிருக்கலாம். போட்டவங்களுக்குத் தெரியாது, பக்கத்துல வாறவங்களுக்குத் தெரியும்னு சொல்றீங்க. இல்லீங் பாயி. வாசம் போயிருச்சுன்னு சொல்றதுக்கு எங்க ஊட்டுல ஆளிருக்குது. அந்த மூக்க ஏமாத்த முடியாது.

ஊட்டுக்காரரா? அவியளும் இருக்கறாங்க. ரத்தினசாமின்னு பேரு, கேள்விப்பட்டிருப்பீங்க, கடலை மூட்டை வண்டி வெச்சிருக்கறாங்க. மொத நாளு இதப் போட்டுட்டு அடுப்பங்கரைக்குள்ள போனேன். அவிய உக்காந்து சோறு தின்னுட்டிருந்தாங்க. நா குனிஞ்சு ரசம் ஊத்துனேன். பாதிச் சோத்துல கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாங்க. என்னாச்சுங்கன்னு கேட்டேன். எங்கிருந்து எடுத்தே அதன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் மாட்டுச் சாளையிலதான் உக்காந்திருந்தாங்க. எங்க மாமியா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, புதுப் பொண்ணுக்கு எதுக்கு இத்தனை மினுக்குன்னு கேட்டாங்க. தெருவுல வேற மாதிரிப் பேசிக்கறாங்க. ஆருக்காவப் பூசறா, எங்க போறா, சந்தைக்குத் தனியா எதுக்குப் போறான்னு. இப்பக்கூட அந்தக் கயித்துக் கடையாண்ட நிக்கறாரு பாருங்க துண்டு போட்டுக்கிட்டு, குப்பண்ணன், எங்கூருதான். நா உங்ககிட்ட எத்தனை நேரம் பேசறேன்னு பாத்துட்டுத்தான் நிக்கறாரு. பாக்கட்டும்.

இல்லீங்க, புருசன மயக்கறதுக்குன்னா நா மல்லிகைப்பூ வாங்கிட்டுப் போயிருவேன். நீங்க வேற.

சந்தனம் வேண்டாம். மரிக்கொழுந்தும் வேண்டாம். எத்தனை வாட்டி சொல்றது, எனக்கு இந்த ரோசாப்பூ மூடிதான் வேணும். அதும் அந்தம்மா மேல எப்படி மணந்துச்சோ அப்படியே மணக்கோணும். என்ன? ஆளுக்கு ஆளு மாறுமா? ஒரே டப்பாவ ரெண்டு பேரு போட்டாலும் ரெண்டு வாசம் வருமா, தோலுக்குன்னு ஒரு வாசம் இருக்குதா. பாயி, இது வியாபாரப் பேச்சுன்னு சொல்லிருங்க. மெய்யாலுமே அப்படியா?

அது இருக்கக் கூடாதுங்களே. அப்படி இருந்தா நா என்ன பண்ணுவேன்.

கேட்டீங்களே, ஏன் கமலாத்தா இப்ப வர்றதில்லீன்னு. செத்துப் போயிட்டாங்க பாயி. போன ஆடியில. மஞ்சக்காமாலை. பாலக்காட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயும் ஒண்ணும் ஆவல. எனக்கு அக்கா மொறைதான் ஆகோணும். அவிய போன எடத்துக்குத்தான் என்னையக் கட்டிக்கிட்டு வந்திருக்கறாங்க.

இருக்கட்டும் உடுங்க. உங்களுக்குத் தெரியாதுதான. நீங்க கண்ணத் தொடச்சா நா பேச மாட்டேன்.

பாப்பா ஒண்ணு இருக்குதுங்க. பொம்பளப் புள்ளை. இப்பத்தான் நாலு வார்த்தை சேத்துப் பேசுது. நா அந்த ஊட்டுக்குப் போன நாள்ல இருந்து என்ற கையில ஒரு வாய் வாங்கலீங்க. தூக்குனா வெறச்சுக்கும். அழுதாக்கூட நா தூக்கி வெச்சுக்கலாம், அழுவறதும் இல்ல. கதவோரமாப் போயிக் குத்த வெச்சுக்கிட்டு வெளியவே பாத்துட்டிருக்கும். கையும் காலும் குச்சியாட்டம் ஆயிப்போச்சு. ஒருநாள் கமலாத்தாளோட தகரப்பொட்டியத் தொறந்து துணியெல்லாம் வெயில்ல போடலாம்னு எடுத்தேன். எங்கிருந்தோ ஓடியாந்து அந்தச் சேலைக்குள்ள மூஞ்சிய வெச்சுப் படுத்துக்கிச்சு பாயி. எந்திரிக்கவே மாட்டேங்குது. அந்தத் துணிக்கடியிலதான் இந்த டப்பா கெடந்துச்சு. அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு.

போன சந்தைக்கு வாங்கிட்டுப் போயி மறுநா காலையில போட்டேன். போட்டுட்டு அதும் பக்கத்துல உக்காந்து சும்மா மொறத்துல அரிசி பொடச்சுட்டிருந்தேன். தானா வந்துச்சு. முதுகுப் பக்கமா வந்து கழுத்துல மூஞ்சிய வெச்சுக்கிச்சு. என்ற மூஞ்சியப் பாக்கல. எங்க போயிருந்தே அம்மான்னு கேட்டுச்சு.

கெணத்துக்குப் போயிருந்தேன் கண்ணுன்னு சொல்லிட்டேன்.

மடியில உக்கார வெச்சு ஒரு கிண்ணம் தயிருஞ்சோறு ஊட்டுனேன். பூராவும் தின்னுச்சு. எங்க மாமியா தூணப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அப்பறம் நா சாளைய வழிச்சேன், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டேன், வேர்த்துப் போச்சு. உச்சிக்கு வந்து மறுக்காத் தூக்குனேன். கழுத்துக்கிட்ட மோந்துச்சு. தலையப் பின்னால இழுத்து என்ற மூஞ்சியவே பாத்துச்சு. சறுக்கி எறங்கிப் போயிருச்சு. வழக்கம்போலக் கதவோரமா உக்காந்திருக்கும்னு நெனச்சு நா உலை வெக்கப் போயிட்டேன். சித்த கழிச்சுப் பாத்தா ஆளக் காணோம். கெணத்து மேட்டுல போயிப் புடிச்சேன் பாயி. தொவைக்கற கல்லு மேல ஏறி, அம்மான்னு உள்ள எட்டிப் பாத்துட்டு நின்னுச்சு.

அன்னைக்கே கெணத்துக்குப் படல் கட்டியாச்சு, அதச் சொல்லல. வாசம் நடுவுல போனா அது தேடிக் கெளம்பிரும், அதுதான். அதனாலதான் உங்களத் தொந்தரவு பண்றேன். வேர்வை பட்டாலும், காத்தடிச்சாலும், பொழுதெறங்கற வரைக்கும் நிக்கோணும். புனுகும் குடுங்க. கொஞ்ச நாளைக்குத்தான். என்ற மூஞ்சியும் அதுக்குப் பழகிரும், என்ற தோலு வாசமும் இதோட ஒட்டுக்காக் கலந்து பழகிரும். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சுக்குவேன்.

ராத்திரிக்கா? வேண்டாமுங்க. தூங்கிருச்சுன்னா நானே போதும்.