பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு மேலே ஒரு டி.வி.

பெரிசு வேண்டாம்னேனே, மாரிச்செல்வம். இருபத்திநாலு இஞ்சு மதி, அது போறும். அடுக்களைல வைக்கப்போறேன், கல்யாண மண்டபத்துலயா? பேர் எப்படித் தெரியும்னா? உங்க சட்டைல எழுதியிருக்கே, அதான் தமிழ்லயே பேசறேன். கொச்சி மட்டாஞ்சேரில தமிழ் பேசி டி.வி. வாங்கறதும் ஒரு சுகம்தான்.

இருங்கோ, நான் இப்படிப் பக்கவாட்டுல போய் நின்னு பாக்கறேன். ஐயே, இங்கேருந்தும் பளிச்சுனு தெரியறதே! வேண்டாம், எடுத்துடுங்கோ. ஏன் முழிக்கறேள்? எல்லாரும் எங்கேருந்து பாத்தாலும் தெரியணும்னு கேப்பா. எனக்கு நேரே நின்னாத்தான் தெரியணும். விசித்திரமான கிராக்கின்னு வெச்சுக்கோங்கோ.

கைல பட்டையா? டாக்டர் போட்டது. மணிக்கட்டு நரம்பு. இனிமே பாத்திரம் தேய்ச்சா ஆபரேஷன்தான்னுட்டார். எனக்குக் கத்தின்னாலே பயம். வலி பொறுக்காம அழுதிருக்கேன், பொய் சொல்லலை.

ஆள் வெச்சுக்கலாமேன்னா? அதைத்தான் ஆத்துக்காரர்கிட்ட நானும் கேட்டேன். பேங்க்லேருந்து ரிடையராகி, பொழுது முழுக்க ஹால்ல கிரிக்கெட் பாக்கற மனுஷன். என்ன சொன்னார் தெரியுமோ? சாதம் வடிச்சது பத்துப் பாத்திரமாக்கும், ஆசாரமாம், வெளியாள் தொடப்படாதாம். இந்தக் காலத்துல! செரி, வெளியாள் தொடப்படாது. நான் தொட்டா ஆபரேஷன். ஆத்துல இருக்கறதே ரெண்டு பேர். பாக்கி யாரு?

சிரிக்கறேளே, புரிஞ்சுடுத்து. நேராவே கேட்டுப் பாத்தேன். இதோ வரேன், இந்த ஓவர் முடியட்டும்னார். போன மாசம் சொன்னது. அந்த ஓவர் இன்னும் முடியலை.

ஆஹா, இதைப் போடுங்கோ! ஒரு எட்டு நகந்தா ஆட்டக்காரா மூஞ்சியெல்லாம் கருப்பாயிடறது. குனிஞ்சா ஒண்ணுமே தெரியலை. பழைய மாடலா? தள்ளிவிட முடியாம வெச்சிருக்கேளா? இதாக்கும் எனக்கு வேண்டியது. குழாய்க்கு மேலே, அவர் கண் மட்டத்துக்கு மாட்டணும். நாற்காலி போட்டு உக்காந்தா தெரியப்படாது, கேட்டேளா? நின்னுண்டே இருக்கணும். சும்மா நிக்கறச்சே கை என்ன பண்ணும்? கீழேதான் நார் இருக்கே, சோப்பு இருக்கே.

ஹால் டி.வி.யை விட்டுட்டு வருவாரான்னா? நல்ல கேள்வி. அது காலம்பரலேருந்து ஓடலை. படமே வரமாட்டேங்கறது. பாவம், முன்னாடி தட்டறார், பின்னாடி தட்டறார், கேபிள்காரனைத் திட்டறார். ஃபோன்ல பாக்கலாம்னா அவருக்குக் கண்ணு பத்தாது. சாயங்காலம் இந்தியா மேட்ச் வேற. அதுக்குள்ள ஆளை அனுப்பி மாட்டிடுங்கோ.

இந்தாங்கோ கார்டு, தேய்ச்சுக்கோங்கோ.

எடுக்கலையா? இன்னொரு தடவை போட்டுப் பாருங்கோ. மிஷின்ல கோளாறா இருக்கும். எங்கே, காட்டுங்கோ...

அடடா, இது பேங்க் கார்டு இல்லை. ஹால் டி.வி.யோட கேபிள் பெட்டிக்குள்ள சொருகற கார்டாக்கும். காலம்பர அவர் குளிக்கப் போனப்போ உருவிண்டு வந்தேன். பத்திரம், தொலைச்சுடாதேங்கோ. மாட்ட வர ஆள்கிட்டயே குடுத்தனுப்புங்கோ, அந்தப் பெட்டியை அடுக்களைக்கு மாத்தி, அதுல சொருகிக்கட்டும்.